வளைகாப்பை நிறுத்த வேண்டாம்

கேள்வி:

சிஸ்டர், எனக்கு 29 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மூத்த பெண்ணுக்கு நான்கு வயது. இப்போது எனக்கு 24 வாரம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், பிள்ளையின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது, நுரையீரலுக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்று சொல்லி, ஒரு தாளில் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று எழுதிக் கொடுத்தார். வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்தில் கிரகணத்தன்று நான் வெளியே காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன், அதனால்தான் இப்படி என்கிறார் மாமியார். என் அம்மா தோட்டத்தில் 18 வருடம் களைமருந்து அடித்தவர். தன்னால்தான் பேரப்பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதோ என்று அவர் அழுகிறார். வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. ராத்திரி இரண்டு மணிவரை போனில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் வைத்திருந்த வளைகாப்பும் வேண்டாம் என்கிறார்கள். பிள்ளை பிழைக்குமா? வளைகாப்பு செய்யலாமா?

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். வளைகாப்பைச் செய்யுங்கள். பெரிதாகப் பந்தல் போட மனமில்லை என்றால் வீட்டுக்குள் ஏழு பேரை வைத்துச் செய்யுங்கள். ஆஸ்பத்திரி அப்போயிண்ட்மெண்ட் நாளோடு மோதாமல் தேதி பாருங்கள், போதும். வயிற்றில் இருப்பது உங்கள் பிள்ளை. இதயத்தில் குறை இருப்பதற்காக அதற்கு வரவேண்டிய வளையலை யாரும் பிடித்துவைக்க வேண்டாம்.

மற்றதை நிதானமாகப் பேசுவோம். நான் டாக்டர் இல்லை. அரசாங்க மருத்துவமனையில் 31 வருடம் தாதியாக வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வார்டில். உங்கள் ஸ்கேன் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் உங்கள் டாக்டர் அளவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் இதே பெயர் எழுதிய தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வந்த தாய்மார்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அவர்களுடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

அந்தப் பெயர் ஒரு பிரெஞ்சு மருத்துவருடையது. ஃபாலோ என்பவர் 1888-இல் இந்த நோயை விளக்கி எழுதினார். டெட்ராலஜி என்றால் நான்கு சேர்ந்தது. நான்கு குறை என்று கேட்டதும் பாதி உயிர் போய்விடும், ஆனால் நான்கும் ஒரே பிசகில் பிறந்தவை. கருவில் இதயம் உருவாகும்போது, இரண்டு பெரிய குழாய்களைப் பிரிக்கும் சுவர் கொஞ்சம் முன்னால் தள்ளி அமைந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்குப் போகும் வழி ஒடுங்குகிறது. சுவர் விலகிய இடத்தில், கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை விழுகிறது. உடம்பெங்கும் இரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய் அந்த ஓட்டையின் தலைமேல் வந்து உட்காருகிறது. ஒடுங்கிய வழியில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது அறையின் சதை தடித்துப்போகிறது. ஆக நான்கு. இவற்றில் ஓட்டையும் ஒடுக்கமும்தான் முக்கியம். அறுவை சிகிச்சையில் சரிசெய்வதும் அந்த இரண்டைத்தான்: ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைப்பார்கள், ஒடுங்கிய வழியை அகலப்படுத்துவார்கள்.

நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்று இருக்கிறது. பிள்ளை இப்போது உள்ளே மூச்சுக்குத் திணறுகிறதோ என்பது. பகலில் யாரும் கேட்பதில்லை, ராத்திரி படுத்ததும் எல்லாத் தாய்மாருக்கும் அதே நினைப்புதான். திணறவில்லை. வயிற்றில் இருக்கும்வரை நுரையீரலுக்கு மூச்சு வேலை கிடையாது. ஆக்சிஜன் உங்கள் இரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியாகப் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் குறையுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் உள்ளே நன்றாக உதைத்துக்கொண்டு வளர்கின்றன. பிறந்து, சொந்த மூச்சில் இறங்கிய பிறகுதான் குழாயின் ஒடுக்கம் தன் கணக்கைக் காட்டும்.

இந்த இடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். கடைசி வீட்டில் ஒரு பையன் இருந்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஓடிப்பிடித்து விளையாடும்போது பத்துப் பதினைந்து அடி ஓடுவான், அப்புறம் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். முழங்கால்களை மார்போடு இழுத்து அணைத்து, முகவாயை அவற்றின் மேல் வைத்துக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி ஓடுவான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் செம்மண் பாதையில் மூன்று இடத்தில் உட்காருவான். எந்தெந்த மரத்தடி என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம். முட்டையிடப் போகிறான் என்று சிரிப்போம், ‘கோழி’ என்று கூப்பிடுவோம். வாத்தியார் சோம்பேறி என்றார். தோட்டத்து டிரசர் சத்து மருந்து கொடுத்தார். அவன் விரல் நுனிகள் பருத்து உருண்டிருக்கும், நகம் நாவற்பழம் தின்றவன் நகம்போல இருக்கும். பதினோரு வயதில், ஒரு மழைக்காலத்தில் போய்விட்டான். என்ன நோய் என்று அவன் அம்மாவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

தாதிப் பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் ஆசிரியை ஒரு படத்தைக் காட்டினார். இந்த நோயுள்ள பிள்ளைகள் மூச்சு வாங்கினால் தாங்களாகவே குத்துக்காலிட்டு உட்காரும் என்றார். அப்படி உட்காரும்போது காலின் இரத்தக் குழாய்கள் மடங்கி உடம்புப் பக்கம் தடை கூடுகிறது. அதனால் ஓட்டை வழியாகத் தப்பிப் போகிற கெட்ட இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பையன் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் கோழி என்று சிரித்திருக்கிறோம். அன்று வகுப்பில் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவன் காலத்திலும் வைத்தியம் இல்லாமல் இல்லை. 1944-லேயே அமெரிக்காவில், ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலமாகிப்போகும் இந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு இரத்தம் போக மாற்றுவழி போட்டுவிட்டார்கள். அந்த அறுவை சிகிச்சையின் நுட்பத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய விவியன் தாமஸ் ஒரு தச்சரின் மகன், கறுப்பினத்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். டாக்டர் பிளேலாக் கத்தியைப் பிடிக்க, இவர் பின்னால் ஒரு மணைமேல் நின்று வழி சொன்னார். பத்து வருடம் கழித்து, 1954-இல், ஓட்டையை அடைத்து முழுதாகச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையும் வந்தது. எங்கள் லயத்துக்குத்தான் எதுவும் வந்து சேரவில்லை. கண்டுபிடிக்கவே ஆள் இல்லாதபோது மற்றது எப்படி வரும்?

உங்கள் பிள்ளைக்கும் அவனுக்கும் ஒரே நோய்தான். ஆனால் உங்களுக்கு, பிள்ளை பிறக்க இன்னும் 16 வாரம் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. ஸ்கேன் செய்திருக்காவிட்டால் நிம்மதியாக இருந்திருப்பேனே என்று சில தாய்மார் என்னிடம் சொன்னதுண்டு. அந்த நிம்மதி பிரசவத்தோடு முடிந்திருக்கும். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறக்க வேண்டும், பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதை இந்த 16 வாரத்துக்குள் முடிவு செய்யலாம். இந்த நோயில் பாதி வைத்தியம் அதுதான்.

பிழைக்குமா என்று நேராகக் கேட்டீர்கள். இதயத்தில் இந்தக் குறை மட்டும் இருந்து, நுரையீரல் குழாய்கள் ஓரளவு வளர்ந்திருந்தால், அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தேறி வருகிறார்கள். தொண்ணூறு பேருக்கு மேல் வளர்ந்து ஆளாகிறார்கள். மீதி இருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அறுவை சிகிச்சையைப் பொதுவாக மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் செய்வார்கள். அதற்குமுன் பிள்ளை மிகவும் நீலமாகிப்போனால், அந்த 1944-ஆம் வருடத்து மாற்றுவழியையே இன்றைய முறையில் முதலில் போட்டு, பிள்ளை கொஞ்சம் வளர்ந்தபிறகு முழுதாகச் சரிசெய்வதும் உண்டு. அத்தோடு ஆஸ்பத்திரிக்கு முழுக்குப் போட முடியாது. வாழ்நாள் முழுக்க இதய டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பலருக்கு வளர்ந்தபிறகு ஒரு வால்வு மாற்ற வேண்டிவரும். ஆனால் பள்ளிக்குப் போகும், பந்து விளையாடும், வம்பு செய்யும். என் வார்டிலிருந்து போன ஒரு பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றாள். இரண்டு வருடம் கழித்துத் தன் பிள்ளையோடும் வந்தாள்.

நான் சொன்ன கணக்கு உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அதனால் அன்றைக்குச் சும்மா போய்ப் படுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பப் பதிவுப் புத்தகம், அந்தப் பிங்க் புக்கின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நுரையீரல் குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது, போன தடவையைவிட வளர்ந்திருக்கிறதா? இதயம் தவிர மற்ற உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா? பிறந்த உடனே மருந்து ஏற்ற வேண்டிவருமா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ‘டக்டஸ்’ என்று ஒரு குறுக்குக் குழாய் திறந்திருக்கும். பிறந்து ஓரிரண்டு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். ஒடுக்கம் அதிகமாக உள்ள பிள்ளைக்கு நுரையீரலுக்கு இரத்தம் போவதே அந்தக் குறுக்குக் குழாய் வழியாகத்தான். பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளை மூன்றாம் நாள் வீட்டில் நீலமாகிப்போவது இப்படித்தான். முன்கூட்டியே தெரிந்தால், ‘புரோஸ்டாகிளாண்டின்’ என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அதை மூடாமல் வைத்திருப்பார்கள். ஒடுக்கம் குறைவு என்றால் அது தேவைப்படாது. சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

எப்படியானாலும் பிரசவம் ஈப்போவில்தான், பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை இருக்கும் இடத்தில். உள்ளூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் தூரம் நீண்டுவிடும். யாருடைய காடி, அவர் இல்லையென்றால் யாருடையது, மூத்த பெண் யாரிடம் இருப்பாள் என்பதை 34-ஆம் வாரத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். வலி மிக வேகமாக வந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் 999-ஐக் கூப்பிட்டு, இருப்பதில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள், பிங்க் புக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு. இந்தக் குறைக்காகவே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்க வேண்டும் என்று இல்லை. பெரும்பாலும் நாள் நிறைந்து சுகப்பிரசவமாகவே பெறலாம்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ஏன் கேட்டார் என்றால், இந்த இதயக் குறையோடு சில பிள்ளைகளுக்கு மரபணுக் குறையும் சேர்ந்து வரும். டவுன் சிண்ட்ரோம் ஒன்று. இன்னொன்று 22-ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல்போவது. இந்த நோயுள்ள ஏழு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு அந்த இரண்டாவது இருக்கும். ஊசியால் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு இருநூறில் ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு. தனியார் கிளினிக்கில் கையில் இரத்தம் எடுத்துச் செய்யும் சோதனை டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு அதிகமா குறைவா என்று சொல்லும், உறுதியாகச் சொல்லாது.

செய்துகொள்வதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்க ஒரு வழி சொல்கிறேன். பதில் தெரிந்தால் நீங்கள் இருவரும் எதையாவது வேறு மாதிரி செய்வீர்களா என்று யோசியுங்கள். தெரிந்துகொண்டால்தான் மனதைத் தயார்செய்ய முடியும் என்பவர்கள் உண்டு, அவர்களுக்கு அந்தச் சின்ன ஆபத்து தகும். எப்படியிருந்தாலும் எங்கள் பிள்ளை, இப்போது எந்த ஆபத்தும் வேண்டாம் என்றால், பிறந்தபிறகு பிள்ளையின் இரத்தத்திலேயே அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். அப்போது மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த 22-ஆம் குரோமோசோம் குறை இருந்தால் பிள்ளைக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம், நோய் எதிர்ப்புச் சக்தி குறையலாம், இரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் அந்த இரத்தத்தைத் தனியாகப் பக்குவப்படுத்த வேண்டிவரும். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதாவிட்டாலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: கலைத்துவிடு என்று. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு, 1989-இல் திருத்தியபிறகு, தாயின் உயிருக்கோ உடல் மன நலத்துக்கோ ஆபத்தா என்றுதான் பார்க்கிறது. பிள்ளைக்குக் குறை என்பதை மட்டும் காரணமாக அது சொல்லவில்லை. வாரம் ஏற ஏற டாக்டர்களும் ஒத்துக்கொள்வது அரிது. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் டாக்டரிடம் பேசுங்கள், நீங்கள் இருவர் மட்டும், நாள் கடத்தாமல். பக்கத்து வீட்டுக்கு அதில் பங்கு வேண்டாம்.

சரி, பழி விஷயம். பிள்ளையின் இதயம் எட்டாவது வாரத்துக்குள் உருவாகிவிடும். பல பெண்களுக்கு வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியவரும் நேரமே அதுதான். நீங்கள் துணி எடுக்கப் போனது ஐந்தாம் மாதத்தில். கட்டி முடித்து மூன்று மாதமான வீட்டுக்குக் கிரகணம் வந்து சுவரைத் தள்ளிவைக்குமா? மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் வாதாட வேண்டாம். அவருக்கும் பயம், அதை எங்கேயாவது இறக்கிவைக்க இடம் தேடுகிறார், கிரகணம் கைக்கு அகப்பட்டது. ஈப்போ போகும் நாட்களில் மூத்தவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். கையில் வேலை வந்தால் வாய் கொஞ்சம் குறையும், அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவின் அழுகைதான் எனக்குத் தாங்கவில்லை. என் அம்மாவும் முதுகில் மருந்து டின் சுமந்தவர்தான். மாலையில் வந்து குளித்தபிறகும் சேலையில் அந்த வாடை போகாது. பாராகுவாட் என்ற களைமருந்தை மலேசியா 2020 ஜனவரியில்தான் தடைசெய்தது, நம் பெண்கள் அதை எத்தனையோ வருடம் சுமந்தபிறகு. அதைப் பற்றி எனக்கு இருக்கும் கோபம் தனிக் கதை. ஆனால் ஒரு பிள்ளையின் இதயத்தைக் காட்டி, பாட்டி அடித்த மருந்தால்தான் இது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், ருபெல்லா அம்மை, வலிப்புக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கும் சில மருந்துகள், மது ஆகியவை காரணமாகலாம் என்று தெரியும். இவற்றையெல்லாம் டாக்டர் உங்களிடம் விசாரித்திருப்பார். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணமே அகப்படுவதில்லை. பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது, கிரகணமே பார்க்காத ஊர்களிலும். அம்மா சம்பாதித்த அந்தக் கூலியில்தான் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள். அதை அவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் என் அம்மாவிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு. ஐயா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் வருவது பெரும்பாலும் மிக மோசமான கதைகள்தான். தேறி வீட்டுக்குப் போன பிள்ளையின் அப்பா வீடியோ போடுவதில்லை, வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஸ்கேனுக்கு லாரியையோ மோட்டாரையோ வெளியே நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருக்காதீர்கள். உள்ளே வாருங்கள், திரையில் அந்த இதயம் துடிப்பதைப் பாருங்கள். பிங்க் புக்கில் உள்ள கேள்விகளை நீங்கள் கேளுங்கள், பதிலை எழுதிக்கொள்ளுங்கள். தங்கச்சிக்குப் படுத்த நிலையில் பாதி காதில் விழாது. அப்புறம், 2023 ஜனவரியிலிருந்து தகப்பனுக்கு ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே முதலாளியிடம் ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் கட்டணம் ஐந்து ரிங்கிட்தான். உண்மையான செலவு வழியில் இருக்கிறது: எண்ணெய், சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளின் கூலி. அறுவை சிகிச்சைக்குக் கோலாலம்பூரில் உள்ள தேசிய இதய மருத்துவமனையான ஐஜேஎன்னுக்கோ செர்டாங் மருத்துவமனைக்கோ அனுப்பினால் ஈப்போவிலிருந்தே 200 கிலோமீட்டர், ரயிலில் இரண்டரை மணி நேரம். வரிசையும் இருக்கும், தேதி தள்ளிப்போவதும் நடக்கும். வார்டில் சேரும் முன்பே மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். ஒவ்வொரு பெரிய அரசாங்க மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதிக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்வார்கள். நம் ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி நாளில்தான் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். அதற்குள் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

இனி, பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு அறுவை சிகிச்சை வரையிலான மாதங்கள். தாய்ப்பால் கொடுங்கள். குடிக்கும்போது களைத்து வியர்த்துப்போனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தடுப்பூசி எல்லாவற்றையும் நேரத்துக்குப் போடுங்கள். சீனித் தண்ணீரும் தேனும் நாக்கில் வைக்க வேண்டாம், பாட்டி எவ்வளவு ஆசைப்பட்டாலும். சாம்பிராணிப் புகை இந்தப் பிள்ளைக்கு ஆகாது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைப் போட்டு எண்ணெய் தேய்த்து உருவிக் குளிப்பாட்டுவோமே, அதையும் அறுவை சிகிச்சை முடியும்வரை நிறுத்திவையுங்கள். அந்தக் குளியலில் பிள்ளை வீரிட்டு அழும், அந்த அழுகையே ஆபத்தாகலாம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி எடுத்துவிடுங்கள். நெற்றியில் மைப்பொட்டு தாராளமாக வையுங்கள்.

வீரிட்டு அழும்போதோ, காலையில் எழுந்ததுமோ, பால் குடித்தபின்போ திடீரென்று நிறம் மாறி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்கினால், தூக்கி இரண்டு முழங்கால்களையும் மடக்கி மார்போடு அணைத்துப் பிடியுங்கள். எங்கள் லயத்துப் பையன் உட்கார்ந்தானே, அதே மாதிரி. மெதுவாகப் பேசி அழுகையை அடக்குங்கள். பிடித்தபடியே 999-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அறுவை சிகிச்சையை முன்னால் கொண்டுவர டாக்டருக்கு அது ஒரு காரணம்.

நிறம் என்று சொன்னேனே, அதைப் பார்க்கவும் பழக வேண்டும். புத்தகத்தில் உதடு நீலம், நகம் நீலம் என்று போட்டிருக்கும். நம் பிள்ளைகளின் நிறத்துக்கு உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். குளிர்ந்த கையில் நகம் எல்லாருக்குமே கறுத்துத்தான் தெரியும். நாக்கையும் ஈறையும் பாருங்கள், அதுவும் டியூப் லைட்டில் வேண்டாம், வாசல் வெளிச்சத்தில். இன்றைக்கே மூத்தவளைக் கூப்பிட்டு, ஆ காட்டச் சொல்லிப் பாருங்கள். நல்ல நாக்கு எந்த நிறம் என்று கண்ணுக்கு இப்போதே பதியட்டும்.